எந்த ரோட்டுக்கு முதலில் தார்?

கார்த்திகை மழை ஓய்ந்து பிசான நெல் கதிர் விடுகிற சமயத்தில், திருநெல்வேலியிலிருந்து முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக ஒருமுறை அம்பாசமுத்திரம் போய்ப் பாருங்கள். ஒரே ரோடு, ஒரே சமயத்தில் தார் போட்டதாகக்கூட இருக்கும். ஆனாலும் ஓரிடத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், இருநூறு மீட்டர் தாண்டினால் முதுகெலும்பு குலுங்கும். வயலும் வாய்க்காலும் ரோட்டை ஒட்டி வருகிற இடங்களில்தான் பெரும்பாலும் இந்தக் குலுக்கல். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “ஒழுங்கா ரோடு போட்டாத்தானே” என்பார். போட்ட விதத்திலும் குறை இருக்கலாம். ஆனால் பாதிக் கதை அங்கே இல்லை. எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு செலவு செய்வது என்ற முடிவில் இருக்கிறது.

பணம் எப்போதும் பற்றாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் கையில் மட்டும் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ரோடுகள் தனி. இதில் இந்த வருஷம் எது, அடுத்த வருஷம் எது, எதை இன்னும் மூன்று வருஷம் ஒட்டுப்போட்டே ஓட்டுவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. சாலைக் கணக்கெடுப்பு வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால் அவற்றைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள்கள் நமக்குக் கட்டாயம் தேவை. ஆனால் தாமிரபரணிப் படுகையில் அவற்றுக்குள் போகவேண்டிய முதல் விவரம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதுதான். அது தெரிந்த ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை. மண்வெட்டியோடு ரோட்டோரத்தில் நிற்கிறார்.

இந்த வகை மென்பொருள்களில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது எச்.டி.எம்.-4. உலக வங்கி கடன் கொடுக்கிற சாலைத் திட்டம் என்றால் இதன் பெயர் எங்காவது வந்துவிடும். இதன் வேர் 1960களின் கடைசியில் இருக்கிறது. ஏழை நாடுகளுக்கு ரோடு போடக் கடன் கொடுத்த உலக வங்கிக்கு ஒரு சந்தேகம் வந்தது: ரோட்டைச் செலவு குறைத்துப் போட்டுவிட்டுப் பராமரிப்புக்கு அதிகம் கொடுப்பது லாபமா, முதலிலேயே கெட்டியாகப் போட்டுவிடுவது லாபமா? பதில் தேடி 1970களில் கென்யாவில் களஆய்வு நடந்தது, பிறகு கரீபியன் தீவுகளில், பிரேசிலில். நான்காவது பெரிய ஆய்வு நம் இந்தியாவில். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1977 முதல் 1983 வரை நடத்தியது. மோசமான ரோட்டில் ஓடும் லாரி எவ்வளவு டீசல் கூடுதலாகக் குடிக்கிறது, டயர் எத்தனை சீக்கிரம் தேய்கிறது, ஸ்பிரிங் பட்டை எப்போது உடைகிறது என்று லாரிக்காரர்கள், பஸ் கம்பெனிகளின் கணக்குகளையே எடுத்து ஆராய்ந்தார்கள். இந்த நான்கு ஆய்வுகளும் சேர்ந்துதான் 1987இல் எச்.டி.எம்.-3 ஆகவும், 2000இல் எச்.டி.எம்.-4 ஆகவும் வந்தன. இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் ஊர் லாரிகளின் தேய்மானமும் அதற்குள் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது? ரோட்டை ஒரே தன்மையுள்ள துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், தாரின் கனம், அடியில் இருக்கும் மண்ணின் வலு, விரிசல் சதவீதம், குழிகளின் எண்ணிக்கை, மேடுபள்ள அளவு, தினம் ஓடும் வண்டிகள் என்று ஒரு நீண்ட பட்டியல். பிறகு விதிகளைக் கொடுக்கவேண்டும். மேடுபள்ளம் இவ்வளவு தாண்டினால் மேலே ஒரு அடுக்கு தார், விரிசல் இவ்வளவு வந்தால் மெல்லிய பூச்சு, குழி விழுந்தால் உடனே ஒட்டு, இப்படி. மென்பொருள் அந்த ரோட்டை இருபது வருஷம் ஓட்டிப் பார்க்கிறது. எந்த வருஷம் விரிசல் வரும், எப்போது குழியாகும், அதனால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பைக்குக்கும் எவ்வளவு கூடுதல் செலவு என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு விதிக்கும் எவ்வளவு செலவு, எவ்வளவு லாபம் என்று எடுத்துவைக்கிறது. கையில் இருக்கும் பணத்தையும் சொல்லிவிட்டால், அந்தப் பணத்துக்குள் எந்தெந்தத் துண்டைச் சரிசெய்தால் மொத்தத்தில் அதிக லாபம் என்று வரிசைப்படுத்தித் தரும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நாமெல்லாம் ரோட்டுச் செலவு என்றால் அரசாங்கம் தார் போடுகிற செலவைத்தான் நினைக்கிறோம். இந்த மென்பொருள் வண்டிக்காரரின் செலவையும் அதே தராசில் வைக்கிறது. போக்குவரத்து நிறைய உள்ள சாலையில், பல வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால், வண்டிக்காரர்கள் செய்கிற செலவு ரோடு போட்ட செலவைவிடப் பல மடங்கு பெரிது. குழியில் விழுந்து டயர் வெடித்த ஷேர் ஆட்டோக்காரரின் ஐந்நூறு ரூபாயும் நாட்டின் செலவுதான் என்று ஒப்புக்கொள்கிற கணக்கு இது.

சரியான நேரத்தில் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1988இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு 85 நாடுகளை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் பராமரிப்பு இல்லாமல் அந்த நாடுகள் இழந்த சாலைகளின் மதிப்பு 4,500 கோடி டாலர். காலத்தோடு பராமரித்திருந்தால் 1,200 கோடி டாலருக்குள் முடிந்திருக்கும். தென்னாப்பிரிக்காவின் தேசியச் சாலை நிறுவனம் போட்ட கணக்கு இன்னும் கூர்மையானது: மூன்று ஆண்டு கவனிக்காமல் விட்டால் சரிசெய்யும் செலவு ஆறு மடங்கு, ஐந்து ஆண்டு விட்டால் பதினெட்டு மடங்கு. ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆனி மாதம் ஒரு ஓட்டை மாற்றாதவர் ஐப்பசிக்குப் பிறகு கைமரத்தையே மாற்றவேண்டிவரும்.

இதனால் மென்பொருள் சொல்லும் வரிசை பல சமயம் நம் மனசுக்கு ஒவ்வாது. மிக மோசமாகக் கிடக்கிற ரோட்டுக்கு முதலிடம் கொடுக்காமல், கொஞ்சம் விரிசல் விட ஆரம்பித்த, பார்க்க நன்றாக இருக்கிற ரோட்டுக்கு மேல்பூச்சு கொடு என்று சொல்லும். அதை ஒரு கவுன்சிலரிடமோ எம்.எல்.ஏ.யிடமோ விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பொறியாளர்களைக் கேட்டால் தெரியும். “நல்லா இருக்க ரோட்டுக்கு ஏன் தார்? எங்க ரோடு கெடக்க கெடைய பாருங்க” என்பதுதான் வரும் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அளக்கிற விஷயத்தை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் நிற்கிறது. மேடுபள்ளத்தை அளக்க ‘பம்ப் இன்டக்ரேட்டர்’ என்ற கருவி உண்டு. ஜீப்புக்குப் பின்னால் ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றை மாட்டி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில், கூட்டாமல் குறைக்காமல் இழுத்துப் போவார்கள். அந்தச் சக்கரம் மேலும் கீழும் குதிக்கிற குதிப்பெல்லாம் சேர்ந்து, கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வரும். கெட்டித் தார் ரோடு என்றால் 2,000க்குக் கீழே இருந்தால் நல்ல ரோடு, 3,000 தாண்டினால் மோசம். கேட்க எளிது. வீரவநல்லூர் கடைத்தெருவில் காலை ஒன்பது மணிக்கு 32 கிலோமீட்டர் வேகம் மாறாமல் ஓட்டிப் பாருங்கள்! சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிரே பஸ், நடுவில் மாடு. அதனால் விடிகாலையில் போகவேண்டும்.

ரோட்டின் உள்வலுவை அளப்பதற்கு இன்னொன்று, ‘பெங்கல்மேன் பீம்’. பின் அச்சில் எட்டு டன்னுக்குச் சற்று மேல் பாரம் ஏற்றிய லாரியை நிறுத்தி, அதன் இரட்டை டயர்களுக்கு நடுவில் நீளமான நெம்புகோலின் நுனியை வைப்பார்கள். லாரி மெதுவாக நகரும்போது, அமுங்கியிருந்த ரோடு எவ்வளவு எழும்புகிறது என்று முள் காட்டும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். ஆனால் கண்ணுக்குக் கல்லாகத் தெரிகிற ரோடு டயருக்குக் கீழே அமுங்கி எழும்புவதை முதன்முதலில் அந்த முள்ளில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்தால் முள் வேறு வேறு கணக்குச் சொல்லும். அடியில் இருக்கும் மண் ஈரம் குடித்திருந்தால் அமுக்கம் கூடிவிடும்.

இங்கேதான் நம் படுகையின் விசேஷம் வருகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கிய மழைக்காலம் ஒன்று. நமக்கு ஆற்றுத் தலைமாட்டில் தென்மேற்குப் பருவமழை, ஊருக்குள் வடகிழக்குப் பருவமழை. கார் சாகுபடிக்கு ஆனி, ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வரும். பிசானத்துக்கு ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை. கன்னடியன் கால்வாய் மாதிரி ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற வாய்க்கால்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நிறைந்திருக்கும். வானத்தில் மேகமே இல்லாத ஆவணி மாதத்திலும் ரோட்டின் அடிமண் நனைந்தே கிடக்கிறது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் ஒருமுறை எனக்கு இதை இப்படிச் சொன்னார்:

“காருக்குத் தண்ணி வுட்டாச்சுன்னா இந்த எடம் ஊறிப்போயிரும் தம்பி. மேல பாத்தா தாரு நல்லாத்தான் இருக்கும். ஐப்பசி மழைக்குள்ள கீத்து கீத்தா வெடிப்பு வந்துரும். தை மாசம் வந்து பாருங்க, குழி. அப்பம் வந்து ஜல்லியக் கொட்டி என்னத்துக்கு? ஓரத்துல தண்ணி போறதுக்கு முன்னாடியே வெட்டி விட்டிருக்கணும்.”

மென்பொருளின் கையேட்டில் பல பக்கம் சூத்திரமாக எழுதியிருப்பதும் இதேதான். எச்.டி.எம்.-4 மழைக்காலத்தில் சாலையின் வலு எவ்வளவு குறையும் என்று கணக்கிடும்போது, மழை அளவோடு முக்கியமாக இரண்டைப் பார்க்கிறது: மேலே எவ்வளவு விரிசல், பக்கத்தில் வடிகால் எப்படி. வடிகால் சரியில்லை என்று போட்டால் ரோடு சீக்கிரம் சாகும் என்று காட்டும். அதே துண்டுக்கு வடிகால் நன்று என்று மாற்றிப் போட்டால் ஆயுள் நீளும். அதாவது ஓர் ஓடையைத் தூர்வாருகிற கூலிக்கும் தார் அடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அவசர அவசரமாகச் சேர்க்கிற தரவுகளில், வடிகால் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்லாக ‘சுமார்’ என்று நிரப்பியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற கட்டங்களுக்குக் கருவி இருக்கிறது. இதற்கு ஆள் இறங்கி நடக்கவேண்டும். அதனால் இது விட்டுப்போகிறது. இந்த மண்ணில் எந்தக் கட்டம் ரொம்ப முக்கியமோ அதுவே காலியாக இருக்கிறது.

நடந்து பார்க்கிற ஆட்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1997இல் தமிழ்நாட்டில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை வேலைக்கு எடுத்தார்கள். 2002இல் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல் திரும்ப எடுத்தார்கள். இடைப்பட்ட அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று அவர்கள் வருஷக்கணக்காகப் போராடிவந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். முள்செடி வெட்டுவது, ஓரத்து மண்ணைச் சீர்செய்வது, சிறுபாலத்தில் அடைத்த குப்பையை எடுப்பது என்று அவர்கள் செய்கிற வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது. நம் ஊரில் 1843இல் திறந்த பாலத்துக்குச் சுலோச்சன முதலியார் பெயர் இருக்கிறது, தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டியவர், இருக்கவேண்டிய பெயர்தான். அதன் பிறகு அந்தப் பாலத்தின் ஆலமரக் கன்றுகளைப் பிடுங்கிப் பிடுங்கி அதைக் காப்பாற்றிய கைகளின் பெயர் எங்கும் இல்லை. மென்பொருளுக்கு விவரம் தருகிற வேலையை இந்தப் பணியாளர்களிடம் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கைபேசி, ஒரு படிவம், ‘இங்கே தண்ணீர் நிற்கிறது’ என்று அழுத்த ஒரு பொத்தான். போதும்.

பாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை ஓட்டி ஓட்டி உடைத்துப் பார்த்தார்கள். அதில் வந்த முடிவு இன்றுவரை கணக்குகளுக்கு அடிப்படை: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் சுமார் பதினாறு மடங்கு. நான்காம் அடுக்கு என்பார்கள். 2018இல் மத்திய அரசு நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. ஒன்றே கால் டன் சொச்சம்தானே என்று தோன்றும். நான்காம் அடுக்கில் போட்டால் சேதம் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. இது சட்டப்படியான பாரத்துக்கு. தென்காசி, புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது பற்றிப் பல வருஷமாகப் போராட்டமும் வழக்குமாக இருப்பது நம் பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். லாரி எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது, எடைபோட்டுப் பார்த்து அந்த எண்ணை மென்பொருளுக்குக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பதினைந்து வருஷம் என்று அது சொன்ன ரோடு ஐந்தாறு வருஷத்தில் போய்விடும். பழி மென்பொருளின் மேல் விழும்.

உலக வங்கிக் கடனுதவியில் நான்குவழியான திருநெல்வேலி–தென்காசி சாலையில் லாரிகளின் பாரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் வருஷக்கணக்கில் புழுதி தின்று காத்திருந்து கிடைத்த ரோடு அது.

வண்டிகளை எண்ணுகிற நாளும் முக்கியம். இந்தியச் சாலைகள் பேரவையின் விதிப்படி வருஷத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏழு நாள், ஒன்று அறுவடைச் சமயம், மற்றொன்று மந்தக் காலம். சமவெளி விவசாய ஊருக்குச் சரி. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையை அது பிடிக்குமா? ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கூட்டத்தை? தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் ரோட்டில் ராத்திரி முழுக்க வெறுங்காலோடு நடக்கிற பக்தர்களை? எச்.டி.எம்.-4இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனி இடம் இருக்கிறது. நாம்தான் அதை நிரப்புவதில்லை. நிரப்பினால், திருச்செந்தூர் ரோட்டுக்கு அகலமான தார்தான் தேவையா, ஓரத்தில் முள்ளும் கல்லும் இல்லாத நடைபாதை முதலில் தேவையா என்று பேச முடியும்.

மென்பொருளால் முடியாத சிலதும் உண்டு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து வரை ஏறுகிற ரோட்டை அதற்குள் போட்டுப் பாருங்கள். வண்டிப் போக்குவரத்து மிகக் குறைவு. வண்டிச் செலவு மிச்சம் என்று பெரிதாக எதுவும் வராது. பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரசவ வலியில் ஒரு பெண்ணை அந்த ரோட்டில் இறக்கிக் கொண்டுவந்த குடும்பத்திடம் இந்தக் கணக்கைச் சொல்லமுடியுமா? இப்படிப்பட்ட போக்குவரத்துக் குறைந்த ரோடுகளுக்கென்றே உலக வங்கி ‘ரெட்’ என்று வேறொரு எளிய கணக்கீட்டு முறை வைத்திருக்கிறது. அதில் பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற லாபங்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அதுவும் போதாது. சில ரோடுகளைப் போட்டிக்கே விடக்கூடாது, அவற்றுக்குத் தனியாகப் பணம் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரிசை போடவேண்டும். “எங்க ரோடு கெடக்க கெடைய பாருங்க” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று சொன்னது இதனால்தான்.

வெள்ளமும் அப்படியே. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரல் பாலத்தில் இணைப்புச் சாலையை ஆறு அரித்துக்கொண்டு போனது, திருச்செந்தூர் துண்டிக்கப்பட்டது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். மாதச் சராசரி மழையை வைத்து ஓடுகிற ஒரு கணக்குக்கு அந்த ஒரு நாள் தெரியாது. எந்தச் சிறுபாலம் அடைத்து எந்தக் கரை உடைந்தது என்பதைத் தனியாக எழுதிவைத்து, அந்த இடங்களில் பாலத்தின் அகலத்தையும் ரோட்டின் உயரத்தையும் மாற்றுவது வேறு வேலை.

ஊருக்குள் இன்னொரு தொல்லை. மேலே ஓர் அடுக்கு தார் என்பது மென்பொருளுக்கு நல்ல சேதி. பாளையங்கோட்டைத் தெருக்களில் அது ஒவ்வொரு தடவையும் ரோட்டை ஏற்றி ஏற்றி, திண்ணை இருந்த இடத்தில் இப்போது படி இறங்கி வீட்டுக்குள் போகவேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடவேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. சுரண்டுகிற செலவையும் விதியிலேயே சேர்த்து ஓட்டினால்தான் கணக்கு உண்மையாகும்.

நல்ல அறிகுறிகளையும் சொல்லவேண்டும். பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி வேறு சில கோட்டங்களிலும் ஐந்தாண்டு பராமரிப்பு ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஒட்டுப்போட்ட சதுர மீட்டருக்குக் காசு என்பதை விட்டு, ரோடு நல்ல நிலையில் இருந்தால் காசு என்ற முறை. குழி விழாமல் பார்த்துக்கொள்வதில் ஒப்பந்தக்காரருக்கே லாபம். 2023 நவம்பரில் ‘நம்ம சாலை’ செயலி வந்தது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால் மாநில நெடுஞ்சாலை என்றால் 24 மணி நேரம், மாவட்டச் சாலைகள் என்றால் 72 மணி நேரத்துக்குள் சரிசெய்வதாக ஏற்பாடு. இது ரொம்ப நல்லது. ஆனால் குழி என்பது நோயின் கடைசிக் கட்டம். அதே செயலியில் வருகிற புகார்களை இடவாரியாகச் சேர்த்து, எந்த இருநூறு மீட்டரில் வருஷா வருஷம் குழி விழுகிறது என்று பார்த்தால், அங்கே தார் போட்டுப் பயனில்லை, தண்ணீரை வெளியேற்று என்று தானே தெரிந்துவிடும். அந்த விவரத்தைத் திட்டமிடுகிற மென்பொருளோடு இணைப்பதுதான் அடுத்து நடக்கவேண்டியது. அதோடு, கோட்டவாரியாக ரோடுகளின் நிலையையும் வரிசையையும் பட்ஜெட்டுக்கு முன்பே பொதுவில் போடவேண்டும். தன் ஊர் ரோடு ஏன் இந்த வருஷம் இல்லை என்பதற்குக் காரணம் எழுத்தில் இருந்தால், சண்டை போடுகிறவரும் காரணத்தோடு சண்டை போடுவார்.

நானும் நண்பர்கள் சிலரும் மேலப்பாளையத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை ரோட்டோரத்தில் தண்ணீர் நிற்கிற இடங்களை வரைபடத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை. முடிந்ததும் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுப்பதாக இருக்கிறோம். பத்தமடை, வீரவநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வயலுக்கு எதிரே எந்த மாதம் ரோட்டோரம் ஊறுகிறது, எந்த மடையை யார் அடைத்தது, முன்பு எங்கே ஓடை இருந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்து எழுதினால் குறிப்பதற்கு வசதி.